வெறும் போசி எவ்வளவு கனம்?

செக்குக்கு எண்ணெய் வாங்கப் போனால், முதலில் வெறும் போசியைத்தான் தராசில் வைப்பார்கள். எண் வரும். பொத்தானைத் தட்டி அதைச் சுழியாக்கிவிட்டு, அதன் பிறகு கடலை எண்ணெயை ஊற்றுவார்கள். போசியின் கனத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. சத்தியமங்கலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது.

சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, கோவை பீளமேட்டு விமான நிலையத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தராசைச் சுழியாக்க ஆள் இல்லை. கைப்பைக்கு 7 கிலோ என்றால் பையும் உள்ளே இருக்கும் பண்டமும் சேர்த்துத்தான் 7 கிலோ.

என் அக்கா மகன் வேலை விஷயமாகத் தில்லிக்குப் போக ஒரு முதுகுப்பை வாங்கினான். அமெரிக்கர் ஒருவர் வீடியோவில் புகழ்ந்த மாதிரி. 40 லிட்டர், பதினெட்டு ஜிப், எங்கே பார்த்தாலும் பஞ்சு மெத்தை. என் அம்மா அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, வெறும் பையே இந்தக் கனம் கனக்குதே, இதுல என்னத்தெ வெக்கிறது?"

"அமுச்சி, இது ஃபாரின் மாடலுங்க" என்றான் அவன். விமான நிலையத் தராசு 7.5 காட்டியது. சார்ஜரையும் பவர் பேங்கையும் பேன்ட் பைகளில் திணித்துக்கொண்டு, வீங்கிய தொடையோடு விமானம் ஏறினான்.

அமுச்சி கேட்ட அந்தக் கேள்வியில்தான் பை வாங்கும் வித்தை முழுவதும் இருக்கிறது. முதுகுப்பை ஒன்று எப்படி இயங்குகிறது என்பதை நம் அடுப்படியில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

அடுப்பு முதலில், பாத்திரம் பிறகு

பாத்திரக் கடையில் பெரிய அண்டாவைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து கேஸ் அடுப்பில் வைத்தால் பக்கத்து பர்னரையும் சேர்த்து மூடிக்கொள்ளும். பாத்திரத்தின் அளவை அடுப்புதான் முடிவு செய்கிறது.

கேபின் பைக்கு அடுப்பு, விமானத்தின் மேல்தட்டு. அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அச்சு வைத்திருக்கிறது. இண்டிகோவின் அச்சு 55 × 35 × 25 சென்டிமீட்டர். ஏர் இந்தியாவுக்கு 55 × 40 × 20. கோவையிலிருந்து சிங்கப்பூர் பறக்கும் ஸ்கூட்டுக்கு 54 × 38 × 23. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மூன்றுமே 115 தான். ஒரே அளவு மாவை மூன்று விதமான அச்சில் பிழிந்த மாதிரி.

கூட்டுத்தொகை ஒன்று என்பதால் ஒரே பை மூன்றுக்கும் பொருந்திவிடாது. 25 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பை இண்டிகோவில் சரி. ஏர் இந்தியாவின் அச்சில் நிற்காது. மூன்றிலும் நுழைய வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இருப்பதிலேயே சிறிய எண்ணை எடுக்க வேண்டும்: 54 × 35 × 20. பெருக்கினால் 37.8 லிட்டர். அதுவும் செங்கல் மாதிரி நேர்மூலையுள்ள பெட்டிக்குத்தான். பையின் மூலைகள் வளைந்திருக்கும், மெத்தைக்குத் தடிமன் உண்டு. எல்லாம் போக 30 முதல் 35 லிட்டர்தான் கையில் நிற்கும். ஏடிஆர் போன்ற சிறிய விமானத்தில் மேல்தட்டு இன்னும் சிறியது.

பை பூரி மாதிரி என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் தட்டையாக இருக்கும்போது 20 சென்டிமீட்டர் இருப்பது, சாமான் வைத்ததும் உப்பி 25-ஐத் தொட்டுவிடும். முன்பக்கப் பையில் ஒரு டம்ளரைச் செருகினால் அதுவும் அளவில் சேரும். அட்டையில் அச்சடித்த அளவு, எண்ணெயில் போடாத பூரியின் அளவு.

ஒரு வல்லம் மல்லி, ஒரு வல்லம் உப்பு

சத்தி பூ மார்க்கெட்டில் மல்லியை நிறுத்துத்தான் விற்கிறார்கள். ஒரு வல்லம் நிறைய மல்லி மொட்டைக் கையில் வாங்கினால் கனமே தெரியாது. அதே வல்லத்தில் கல்லுப்பை அள்ளினால் கை இறங்கிவிடும். அளவு ஒன்றுதான், எடை வேறு. பையின் லிட்டரும் கிலோவும் இப்படித்தான், ஒன்றைச் சொன்னால் மற்றது விளங்கிவிடாது.

அமெரிக்க வீடியோக்கள் நம்மை ஏமாற்றும் இடமும் இதுதான். டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் போன்ற அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்தில் கேபின் பையின் அளவைத்தான் பார்க்கின்றன. எடைக்கு வரம்பு வைப்பதில்லை. ஆகவே அங்கே பை விமர்சனம் எழுதுபவர் லிட்டரைத் துரத்துகிறார். 40, 45 என்று போகிறார். இரண்டு கிலோ பையும் அவருக்குப் பாரமில்லை. நம் ஊரில் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் சாதாரண வகுப்புக்கு 7 கிலோ என்கின்றன. ஸ்கூட் கேபின் பையும் கூட வரும் சிறு பையும் சேர்த்து 10 கிலோ என்கிறது. விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நமக்கு லிட்டர் தீர்வதற்கு முன்பே கிலோ தீர்ந்துவிடுகிறது.

அக்கா மகனின் மூட்டையைப் பிரித்து வீட்டுத் தராசில் போட்டேன். மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 2 கிலோ. நான்கு சட்டை 1 கிலோ. இரண்டு பேன்ட் 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. துண்டு, உள்ளாடை 600 கிராம். செருப்பு 400. பல் தேய்க்கிற, குளிக்கிற சாமான் 400. பவர் பேங்கும் ஒயர்களும் 500. மொத்தம் சுமார் 5.9 கிலோ. பை மட்டும் 1.6 கிலோ. ஆக 7.5. இதே சாமானை 900 கிராம் பையில் வைத்திருந்தால் 6.8-ல் நின்றிருக்கும். இத்தனைக்கும் அவனுடைய 40 லிட்டர் பையில் கால்வாசிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

பை வாங்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது வெறும் பையின் எடை. ஒரு கிலோவுக்குள் இருந்தால் நல்லது. ஒன்றேகால் வரை பொறுக்கலாம். ஒன்றரையைத் தாண்டினால், உங்கள் 7 கிலோவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போசியே தின்றுவிடுகிறது.

அடுக்குப்பானையா, அஞ்சறைப்பெட்டியா?

பழைய வீடுகளில் அடுக்குப்பானை இருக்கும். அடியில் பெரியது, மேலே போகப் போகச் சிறியது. அடிப்பானையில் இருக்கும் பயறு வேண்டுமானால் மேலே உள்ளதையெல்லாம் இறக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் திறக்கும் மலையேறிகளின் பை இந்த வகை. துணிப்படலம் முழுசாக இருப்பதால் கனம் குறைவு, உறுதி அதிகம், மழைத்தண்ணீர் புகவும் இடம் குறைவு. ஆனால் அடியில் கிடக்கும் சட்டைக்காகப் பந்தி முழுவதையும் கலைக்க வேண்டிவரும்.

அஞ்சறைப்பெட்டி மூடியைத் திறந்தால் கடுகு, சீரகம், மிளகு எல்லாம் ஒரே பார்வையில். சூட்கேஸ் மாதிரி மூன்று பக்கமும் ஜிப் ஓடி, புத்தகம்போல் விரியும் பை இந்த வகை. விடுதி அறையில் கட்டிலில் விரித்தால் போதும், எதையும் கலைக்க வேண்டாம். விலையாக நீளமான ஜிப் வரும். ஜிப்புக்கு எடை உண்டு, பழுதாகும் இடமும் அதுதான். விமானப் பயணத்துக்கு என் வாக்கு அஞ்சறைப்பெட்டிக்கு.

ஆனால் அஞ்சு அறை போதும். பதினெட்டு அறை வைத்த பெட்டியில் கடுகு எதில் இருக்கிறது என்று தேடுவதற்குள் எண்ணெய் தீய்ந்துவிடும். ஒவ்வொரு பைக்குள்பையும் ஒரு துண்டுத் துணி, ஒரு ஜிப், ஒரு வரிசைத் தையல். எல்லாமே கிராம் கணக்கில் தராசில் ஏறும். மடிக்கணினிக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று. மீதியைச் சாதாரணத் துணிப்பைகளில் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

இடுப்பில் ஏறிய குடம்

பவானியில் தண்ணீர் எடுத்து நடந்த தலைமுறை, குடத்தைக் கையை நீட்டித் தூக்கியதில்லை. இடுப்பில் ஏற்றி, உடம்போடு அணைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். அதே குடத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், பத்தடி போக முடியாது. தண்ணீரின் எடை மாறவில்லை. உடம்பிலிருந்து தள்ளிப்போன தூரம்தான் இழுக்கிறது.

முதுகுப்பையின் இயக்கம் முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கும். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள பையில் சாமான் சமமாகப் பரவியிருந்தால், எடையின் மையம் முதுகிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டரில் இருக்கும். 30 சென்டிமீட்டர் உப்பிய பையில் அது 15. அதே 7 கிலோ, உங்களைப் பின்னால் சாய்க்கும் திருப்புவிசை ஒன்றரை மடங்கு. அதைச் சரிக்கட்டத்தான் முன்னால் குனிந்து நடக்கிறோம். அப்புறம் கழுத்து வலிக்கிறது.

ஆகவே மடிக்கணினி முதுகை ஒட்டிய அறையில் இருக்க வேண்டும். பையின் முன்முகத்தில் அந்த அறை வைத்த மாதிரிகளைத் தள்ளிவிடுங்கள். செருப்பு அடியில், கனமான சாமான் முதுகுப் பக்கம், துணிமணி வெளிப்பக்கம்.

குடத்தைத் தாங்கியது தோளல்ல, இடுப்பு. அதற்காகத்தான் பெரிய பைகளில் இடுப்பு வார் வைக்கிறார்கள். பாரத்தில் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பில் உட்கார வைக்கும். 15 கிலோ தூக்கி மலையேறுபவருக்கு அது உயிர்நாடி. 7 கிலோவைப் பேருந்து நிலையத்திலிருந்து விமானக் கதவு வரை கொண்டுபோக மெத்தை வைத்த இடுப்பு வார் தேவையில்லை. கழற்றக்கூடிய மெல்லிய வார் போதும். மார்புக்குக் குறுக்கே வரும் சிறிய வாரைத் தவிர்க்காதீர்கள். தோள்வார்கள் விலகி நழுவாமல் அதுதான் பிடித்து நிறுத்துகிறது.

இடுப்பு வார் இருந்தால் அளவும் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம்தான் முதுகின் அளவு. உயரமானவருக்கு நீண்ட முதுகு இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அடுத்தவருக்குப் பொருந்திய பை உங்களுக்கும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

திம்பம் மலையில் நிறைகுடம்

நிறைகுடம் தளும்பாது. இதைச் சோதிக்க நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது: பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் பேருந்தில் இடம் கிடைக்காமல், பையை மாட்டியபடி நின்றுகொண்டு போனவர்களுக்குத் தெரியும். பாதி காலியான பையில் சாமான் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் ஓடும். பை ஆட, அது நம்மை ஆட்ட, பக்கத்தில் நிற்பவர் காலை நாம் மிதிக்க, "பாத்துங்க" என்ற குரல் கேட்கும்.

பக்கவாட்டில் இருக்கும் இறுக்கு வார்கள் இதற்குத்தான். சாமான் குறையும்போது பையின் வயிற்றைச் சுருக்கி, குறைகுடத்தை நிறைகுடமாக்குகின்றன. உப்பிய பூரியைத் தட்டி விமானத்தின் அச்சுக்குள் கொண்டுவருவதும் இவைதான். பக்கத்துக்கு இரண்டு வார் இருந்தால் போதும்.

35 லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள் என்பதற்கு விமானத்தின் அச்சு முதல் காரணம் என்றால், இது இரண்டாவது. பெரிய பையில் காலியிடம் இருந்தால் ஒன்று ஆடும், அல்லது அதை நிரப்ப நமக்குக் கை அரிக்கும். கண்ணில் காலியிடம் பட்டால் ஒப்பிட்டு நாலு, கச்சாயம் பத்து என்று வைத்து அனுப்பாத வீடு கொங்கு நாட்டில் எது?

இட்லிச் சட்டியும் முதுகு வேர்வையும்

இட்லித் தட்டில் ஏன் ஓட்டை? ஆவி போய் வர. பையின் முதுகுப்பக்கமும் அப்படித்தான். மொத்தையான மெத்தை ஒட்டிக்கொண்டால் ஏப்ரல் வெயிலில் காந்திபுரத்தில் இறங்குவதற்குள் முதுகு வெந்துவிடும். நடுவில் பள்ளமான வாய்க்கால் விட்டு, மேலே வலைத்துணி போட்டால் காற்று நடமாடும்.

இதிலும் அளவு தேவை. சில மலையேற்றப் பைகளில் முதுகுக்கும் பைக்கும் இடையே வில் மாதிரி வலையை இழுத்துக் கட்டி, சில சென்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள். காற்று தாராளமாக வரும். ஆனால் குடம் இடுப்பைவிட்டு அவ்வளவு தூரம் தள்ளிப்போகிறது, 20 சென்டிமீட்டர் தடிமனிலும் அந்த இடைவெளி தின்றுவிடுகிறது. விமானப் பைக்கு வாய்க்கால் போதும்.

கவுண்டும் டெனியரும்

துணியைப் பற்றிக் கோவைக்காரருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் பையின் அட்டையில் 420 என்று பார்த்துவிட்டு, "இத்தனை சன்ன நூலா?" என்றார். அங்கேதான் வழுக்கல்.

நூற்பாலையில் நாம் பேசுவது கவுண்ட். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை வருகின்றன என்பது அந்த எண். எண் ஏறினால் நூல் சன்னம். பைத் துணியில் பேசுவது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது அது. எண் ஏறினால் நூல் தடி. ஒன்றின் தலைகீழ் மற்றொன்று. 5,315-ஐக் கவுண்டால் வகுத்தால் டெனியர் கிடைக்கும். நம் 40-ஆம் நம்பர் நூல் சுமார் 133 டெனியர். 420 டெனியர் நூல், 13-ஆம் நம்பருக்குப் பக்கத்தில், நல்ல தடி நூல்.

இட்லித் துணிக்கும் சாக்குக்கும் உள்ள வேறுபாடு இது. மாவு ஊற்றச் சாக்கு எதற்கு? நெல் கட்ட இட்லித் துணி தாங்குமா? 1,000 டெனியர் பை பல்லாண்டு உழைக்கும், ஆனால் கனம். கேபின் பை நம் கையிலேயே வருகிறது. சரக்கு அறையில் எறிபடுவதில்லை. 210 முதல் 420 டெனியர் நைலான் தாராளம். பேருந்துத் தரையில் தேயும் அடிப்பகுதிக்கு மட்டும் தடித்த துணி இருந்தால் கெட்டிக்காரத் தயாரிப்பு. ஒரே டெனியரில் பாலியஸ்டரைவிட நைலான் உராய்வை நன்றாகத் தாங்கும், விலையும் கூடும்.

உள்பக்கம் தண்ணீர் புகாமல் பாலியுரேதேன் பூச்சு இருக்கும். நான்ஸ்டிக் தவாவின் பூச்சு மாதிரி முதலில் கெடுவதும் அதுதான். ஈரம் பட்டுப் பட்டு அது சிதையும். பரணில் நாலு வருடம் கிடந்த பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுப்பும், உதிரும் செதிலும் தெரிவது அதனால். துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

காதும் கேஸ்கெட்டும்

தூக்குப்போசி எங்கே உடையும்? வயிற்றில் அல்ல, காதில். கைப்பிடி மாட்டியிருக்கும் இடத்தில்தான் எடை முழுவதும் தொங்குகிறது. பையின் காது, தோள்வார் உடலோடு சேரும் தையல். அங்கே ஒற்றை வரித் தையல் இருந்தால் அடுத்த மாதிரியைப் பாருங்கள். சதுரம் போட்டு நடுவில் குறுக்கே ஓடிய தையலும், நெருக்கமாகக் குத்தி அடைத்த பட்டைத் தையலும் நல்ல அடையாளம். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று இரண்டு கைப்பிடி இருந்தால் மேல்தட்டிலிருந்து இழுக்க வசதி.

ஜிப் என்பது குக்கரின் கேஸ்கெட். குக்கர் எத்தனை கனமாக இருந்தாலும் கேஸ்கெட் போனால் விசில் வராது. ஜிப்பில் 5, 8, 10 என்று எண் உண்டு; மூடிய பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். பெரிய வாய்க்கு 8 அல்லது 10, சின்ன அறைக்கு 5. ஜப்பானின் ஒய்கேகே 1934-இல் தொடங்கிய நிறுவனம். அந்த எழுத்து பொறித்த ஜிப்பைப் பலர் தேடி வாங்குவார்கள்.

ஜிப் மூடாமல் பிளந்து நின்றால் பல் போய்விட்டது என்று பையையே தூக்கி எறிகிறோம். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும். ஓடி ஓடி வாய் அகன்றுபோனது, இழுக்கும் ஓடிதான். குறடால் இரண்டு பக்கமும் பதமாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும். அழுத்தியும் கேட்காவிட்டால் பை தைக்கும் கடையில் ஓடியை மட்டும் மாற்றித் தருவார்கள்.

உள்ளே எது, வெளியே எது

பையைத் தேர்ந்தாயிற்று. நிரப்பும்போது மூன்று சங்கதி. பவர் பேங்க் கேபின் பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணிதான். இரண்டாவது, வெளிநாட்டுப் பயணத்தில் நீர்மம் எதுவும் ஒரு புட்டிக்கு 100 மில்லிக்கு மேல் கூடாது. தேங்காய் எண்ணெயும் அமுச்சியின் ஊறுகாயும் இதில் அடங்கும். மூன்றாவது, மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

கடையில் ஐந்து கிலோ அரிசி

கடையில் தொங்கும் பை எதுவும் காலியாக இருக்காது. வயிற்றில் காகிதம் திணித்து அழகாக உப்பியிருக்கும். அதைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் நல்ல பைதான்.

அக்கா மகனுக்கு இரண்டாவது பை வாங்க நாங்கள் போனபோது என் அம்மாவும் வந்திருந்தார். வழியில் மளிகைக் கடையில் நிறுத்தி, ஐந்து கிலோ அரிசிப் பையொன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வாங்குகிறார் என்று நினைத்தேன். பைக்கடைக்குள் நுழைந்ததும், "அந்தக் காயிதத்தையெல்லாம் எடுத்துப் போடுங்க தம்பி" என்றார். வெறும் பையை ஒற்றைக் கையில் தூக்கினார். இரண்டைத் திருப்பி மாட்டச் சொன்னார். மூன்றாவதைத் தூக்கியதும் முகம் மாறவில்லை. அதற்குள் அரிசிப் பையை இறக்கி, "மாட்டிக்கிட்டு அந்த முக்கு வரைக்கும் நடந்துட்டு வா, கண்ணு" என்றார்.

நடந்து வந்தான். "தெரியவே இல்லீங்க அமுச்சி."

32 லிட்டர், 950 கிராம். விலையும் முதல் பையைவிடக் குறைவு. அரிசி மறுநாள் அரிசியும் பருப்புமாக வெந்தது.